இடது கீழ் மூலை

போட்டது கைதான், தான் இல்லை என்று திருவேங்கடம் மறுபடியும் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார், ஆனால் கையைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்க எந்த அரசாங்கத்திலும் வழியில்லை, விசாரணை என்று வந்தால் கைக்குச் சொந்தக்காரனைத்தான் நிறுத்துவார்கள். அந்தக் கையோ ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி முழங்கால் மேல் கிடந்தது. மணி பத்தே கால். பத்துக்கு வரச்சொல்லியிருந்தார் மதாம் கிளோத்தில் என்ற அம்மாள், இந்த மேற்கு ஆப்பிரிக்க நாட்டு வெளியுறவு அமைச்சகத்தில் ஆசியப் பிரிவுக்குத் தலைவி. காலையில் போனில், வாருங்கள், கையில் ஒன்றும் கொண்டுவர வேண்டாம் என்றார். ஒன்றும் கொண்டுவர வேண்டாம் என்றால் என்ன அர்த்தம், கொண்டுவந்தது போதும் என்று அர்த்தமா, கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டு போ என்று அர்த்தமா. நேற்று மத்தியானம் இதே மாடியில் இதே அம்மாளிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார் திருவேங்கடம். ராஜதந்திர உலகத்தில் அதற்கு நான்-பேப்பர் என்று பெயர். காகிதம்தான், ஆனால் காகிதம் இல்லையாம். தலைப்பு இருக்காது, முத்திரை இருக்காது, தேதி இருக்காது, கையெழுத்து இருக்கவே இருக்காது. நாளைக்கு எவனாவது கிளப்பினால் இரண்டு தரப்பும் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு எந்தக் காகிதம் என்று கேட்டுவிடலாம், அதற்காகவே பெற்ற பிள்ளை அது. அப்பேர்ப்பட்ட காகிதத்தின் இடது கீழ் மூலையில் நீல மையில் ‘தி’ என்று போட்டு, அடியில் ஒரு கோடும் இழுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார் மனுஷன்.

போட்டோமா, போடவில்லையா? இன்று காலை ஷேவிங் பண்ணும்போதுதான் பொறி தட்டியது, பிளேடு தாடையில் நிற்க, பேனா முள் காகிதத்தில் கிறீச்சென்று போன சத்தம் காதுக்குள் கேட்டது. இரண்டு பிரதி எடுத்தார், ஒன்று இரும்புப் பெட்டியில், ஒன்று மதாமுக்கு. பாதி நுரையோடு ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே இருந்த பிரதி மழித்த தலையாட்டம் சுத்தமாக இருந்தது. அப்படியென்றால் கோடு போட்டது போய்ச் சேர்ந்துவிட்டது. ஐ.எஃப்.எஸ். பரீட்சை எழுதி நேராக மேலே வந்து உட்கார்ந்த ஒருத்தருக்கும் இந்தப் பிழை வராது, அவர்கள் கைக்கு அந்தப் பழக்கமே கிடையாது. இது சாத்தூரிலிருந்து இருபத்திரண்டு வயதில் டில்லிக்கு அசிஸ்டெண்டாகப் போய், இருபது வருஷம் செக்‌ஷனில் கிடந்து, படிப்படியாக ஏறி, ஐம்பத்தொன்றாம் வயதில் ஒரு சின்னத் தூதரகத்தில் இரண்டாம் ஆளாக உட்கார்ந்தவனுக்கு மட்டுமே வருகிற பிழை. செக்‌ஷனில் மேஜையைக் கடக்கிற ஒவ்வொரு தாளிலும் பார்த்தாச்சு என்று இனிஷியல் போட வேண்டும். திவாரி ஒருத்தர், திரிபாதி ஒருத்தர், இவர் ஒருத்தர், மூன்று ‘T’யும் ஒன்று போல இருந்து சண்டையாகி, உன் பாஷையில் போட்டுத் தொலை என்றார் அதிகாரி. அன்றைக்குப் போட ஆரம்பித்த ‘தி’. அப்புறம் நிறுத்தவா முடிந்தது, ஹோட்டல் பில்லில் போட்டார், கல்யாணப் பத்திரிகையில் போட்டார், மகளின் ரேங்க் கார்டில் கையெழுத்தும் போட்டு மூலையில் இனிஷியலும் போட்டு அவள் பள்ளிக்கூடத்தில் கேலிக்கு ஆளானாள். இந்தத் தலைநகரத்தில் அந்த எழுத்தைப் போடக்கூடிய ஆள் அவர் ஒருவர்தான், முகவரியே எழுதிக் கொடுத்த மாதிரி.

ஃபேன் ஒருமுறை திரும்பி அவருடைய டையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் செயலாளரின் மேஜைப் பக்கம் போனது, அங்கே தாள்கள் படபடத்தன, ஸ்டேப்ளர் அவற்றைப் பிடித்து வைத்திருந்தது. எதிர்ச் சுவரில் இந்த நாட்டின் வரைபடம், கடலில் ஒரு துண்டு மட்டும் சிவப்புக் கோடு போட்டு நிரப்பியிருந்தது. அந்தத் துண்டுதான் அத்தனை வினைக்கும் காரணம். இது தன் கடல் என்கிறது இந்தச் சின்ன நாடு, தன்னுடையது என்கிறது பக்கத்துப் பெரிய நாடு, ஐந்து மாதத்துக்கு முன் இயந்திரக் கோளாறோடு நங்கூரம் போட்ட ஒரு எண்ணெய்க் கப்பல் சரியாக அந்தச் சிவப்புக்குள் போய் நின்றது. பதினொரு இந்தியர்கள். பெரிய நாட்டின் அனுமதிச் சீட்டு வைத்திருந்தார்கள், அதுவே குற்றமாகிவிட்டது, பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். பெரிய நாடு நமக்கு எண்ணெய் தருகிறது, அதை முறைத்துக்கொள்ள முடியாது. சின்ன நாட்டிடம் நம் ஆட்கள் இருக்கிறார்கள், இதையும் முறைத்துக்கொள்ள முடியாது. டில்லியில் இருந்து ஜாயின்ட் செக்ரட்டரி போனில் வரி வரியாகச் சொல்லச் சொல்ல இவரே தட்டச்சு செய்த அந்த ஒரு பக்கத்தில் இருந்த சங்கதி இவ்வளவுதான்: நீங்கள் இந்தக் கடல் வழக்கை உலக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால் நாங்கள் குறுக்கே நிற்க மாட்டோம், எங்கள் ஆட்களை அனுப்பிவையுங்கள். பெரிய நாட்டிடமோ, உங்கள் இருவர் சண்டையில் நாங்கள் வாயே திறக்க மாட்டோம் என்று போன வருஷம்தான் சொல்லி வைத்திருக்கிறது டில்லி. ஆக, அந்தத் தாள் யாருடையதும் இல்லாமல் இருக்கிறவரைக்கும் மருந்து, யாரோ ஒருவருடையது என்று ஆகிவிட்டால் விஷம். இந்த ஊர்ப் பத்திரிகையில் படமாக வந்தால், இந்தியா மறுக்கும், இந்த நாடு கோபித்துக்கொள்ளும், பெரிய நாடு குழாயை மூடும், திருவேங்கடத்தை டில்லிக்குக் கூப்பிட்டு ஒரு மூலையில் உட்காரவைப்பார்கள். அவர் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும், மூலைதானே அவருக்குப் பிடித்த இடம். பதினொரு பேர் உள்ளேயே இருப்பார்களே.

அதில் ஒருத்தன் கஸ்பார் தல்மேதா. மணப்பாட்டுக்காரன், கப்பலில் இயந்திர அறை வேலை, சர்க்கரை வியாதிக்காரன், வலது கால் கட்டைவிரலில் புண். வெள்ளிக்கிழமைதோறும் ஊறுகாயும் மாத்திரையும் எடுத்துக்கொண்டு பார்க்கப் போவார் திருவேங்கடம், போன வாரம் டாக்டர் தனியே கூப்பிட்டு, இன்னும் ஒரு மாதம் இங்கேயே வைத்திருந்தால் விரலோடு நிற்காது என்று சொன்னார். கஸ்பாரோ சிரித்துக்கொண்டே, எங்க வீட்டுக்காரிட்ட ஆறிருச்சுன்னு சொல்லிருங்க சார் என்றான். அவன் மனைவி ரீத்தம்மாள் தினமும் அங்கே மதியச் சாப்பாட்டு வேளையில் வாய்ஸ் மெசேஜ் போடுவாள், இங்கே காலை ஏழரை. “சார், ரீத்தம்மா பேசுதேன். சாப்ட்டியளா? அவிய கால் எப்படி இருக்கு? ஒண்ணும் அவசரமில்ல சார், நேரம் கெடைக்கும்போது சொல்லுங்க.” ஐந்து மாதம், ஒரு நாள் தவறாமல், முதல் கேள்வி சாப்ட்டியளாதான். அவள் திட்டியிருக்கலாம், அழுதிருக்கலாம், மந்திரிக்கு மனுப் போடுவேன் என்று மிரட்டியிருக்கலாம், மற்ற குடும்பத்தார் எல்லாம் அதைச் செய்தார்கள், அவர்கள் செய்ததிலும் தப்பில்லை. இவளுடைய அந்த அவசரமில்லை என்ற சொல்தான் அவரைப் பிசைந்து எடுத்தது. ஒவ்வொரு நாளும் பதில் போடுவார், மாத்திரை கொடுத்தாச்சும்மா, பேசிக்கிட்டு இருக்கோம்மா என்று. அந்த முதல் கேள்விக்கு மட்டும் ஒருநாளும் பதில் சொன்னதில்லை, புருஷன் ஜெயில் சோற்றில் உட்கார்ந்திருக்கும்போது நான் இட்லி தின்றேன் என்று எந்த வாயால் சொல்வது. இன்று காலை பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தவர் இட்லியையும் தொடவில்லை, பதிலும் போடவில்லை.

பத்தரை. பக்கத்து நாற்காலியில் ஒரு தூதரகத்து இளைஞன் மடியில் பரிசுப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தான், அதற்கப்பால் கோப்போடு ஒரு ஒப்பந்தக்காரர், அவர் நாடுதான் இங்கே விளையாட்டரங்கம் கட்டித் தந்திருக்கிறது. ஒவ்வொருவரும் எதையோ கொண்டுவந்திருந்தார்கள். இவர் கையில் ஒன்றும் இல்லை, செல்போன்கூடக் கீழே வாசலில் மரப்பெட்டிக்குள். அந்தப் போனுக்குள் டில்லிக்கு எழுதிய ஒப்புதல் வாக்குமூலம் பாதியில் நிற்கிறது, ஐயா, நேற்று என் கவனக்குறைவால் என்று தொடங்கி. அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பியிருந்தால் இந்நேரம் மேலிருந்து யாரோ யாருக்கோ பேசி, அமுக்குகிறேன் என்று ஊதிப் பெரிதாக்கியிருப்பார்கள். அம்பாசடர் மேடம் தாயாரின் ஆபரேஷனுக்காக ஊருக்குப் போயிருக்கிறார், போகும்போது, நீங்கள் இருக்கிறீர்கள், எனக்குக் கவலையில்லை என்று வேறு சொன்னார். பயப்படாதே, யோசி. இந்த மதாம் எப்படிப்பட்டவர்? தெரியாது. எட்டு மாதத்தில் ஆறு தடவை பார்த்திருக்கிறார், சிரித்துப் பார்த்ததில்லை. நேற்று காகிதத்தை வாங்கியவர் படிக்கவில்லை, விளிம்பை மேஜையில் இரண்டு தட்டுத் தட்டி நேராக்கி, முகம் கீழே பார்க்கும்படி கவிழ்த்து வைத்தார். ஒற்றைத் தாளை எதற்குத் தட்டி நேராக்க வேண்டும்? ஒரு கட்டுத் தாளைத்தான் அப்படிச் செய்வார்கள். அது ஏன் இப்போது ஞாபகம் வருகிறது என்று அவருக்குப் புரியவில்லை, மூலையைப் பார்த்திருப்பாரோ, பார்த்துவிட்டுத்தான் கவிழ்த்தாரோ.

தெரியாத ஆட்களிடம்தானே இத்தனை வருஷமும் பிழைத்தது என்று எங்கிருந்தோ ஒரு நினைப்பு வந்து பயத்தை இடித்துத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டது. டில்லி செக்‌ஷனில் வருஷா வருஷம் உலகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து உறவு நிலவரம் என்று ஒரு அறிக்கை போகும், தட்டச்சு இவர்தான். கிழக்கோடு நெருங்கிய உறவு, மேற்கோடு நட்புறவு, வளைகுடாவோடு காலங்காலமான உறவு. அடித்து அடித்து அலுத்துப்போய், வார்த்தைகளை இடம் மாற்றி வைத்தாலும் எவனும் கண்டுபிடிக்க மாட்டான் என்று நண்பர்களிடம் கிண்டலடிப்பார். பிறகு மங்கோலியாவுக்குப் போனார், முதல் குளிர்காலம், சீல் வைத்த தூதரகப் பையோடு ரயிலடிக்குப் போகும் வழியில் வண்டி நின்றுபோனது. மைனஸ் முப்பத்தெட்டு, மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கக் கையை வெளியே எடுக்க முடியாது. லாரி ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெண் நிறுத்தி, அவரையும் பையையும் ஏற்றி, தன் காலுறையைக் கழற்றி அவர் கையில் மாட்டிவிட்டாள், பேர்கூடக் கேட்க விடவில்லை. வளைகுடாவில் பிணவறைக் குமாஸ்தா ஒரு எகிப்தியர், கட்டட வேலையில் இறந்துபோன விருத்தாசலத்துப் பையன் ஒருத்தனின் உடலுக்கு ஐந்தாவது முத்திரை வாங்குவதற்காக, டூட்டி முடிந்தும் போகாமல் வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தார். நன்றி சொன்னால், அவனுக்கு அம்மா இருப்பாள் அல்லவா என்று மட்டும் சொன்னார். பெருவில் நிலம் ஆடியபோது வாட்ச்மேன் கீழே ஓடாமல் நாலு மாடி மேலே ஏறி வந்து இவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். ஒருத்தரும் எந்த அறிக்கையிலும் வரவில்லை. நெருங்கிய உறவு, நட்புறவு என்று அடித்ததெல்லாம் பொய்யில்லை போலிருக்கிறதே, எழுதினவனுக்குத்தான் ஆள் தெரியவில்லை. எவ்வளவு பேர், ஐயோ, எவ்வளவு பேர் சும்மா போயிருக்கலாம், போகாமல் நின்றார்கள். அமைச்சகத்தில் உட்கார்ந்து அழுத இந்தியத் தூதரக அதிகாரி என்று அதற்கு வேறு ஒரு கதை கிளம்பிவிடும் என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பத்தே முக்காலுக்குக் கதவு திறந்தது. பரிசுப் பொட்டலக்காரனைத் தாண்டிச் செயலாளர் இவரைக் கூப்பிட்டார். உள்ளே மதாம் கிளோத்தில் எழுந்து நின்று கை கொடுத்தார், அறுபது வயது இருக்கும், மஞ்சள் பூப்போட்ட உடை, அதே சிரிக்காத முகம். மேஜை மேல் ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் இருந்தது. இந்த ஊரில் அது வழக்கம், வந்தவர் தண்ணீரைக் குடித்து முடிக்கிறவரைக்கும் நல்லதோ கெட்டதோ வாயைத் திறக்க மாட்டார்கள். திருவேங்கடம் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாகத் தண்ணீர் குடித்ததில்லை. பாதியில் நிறுத்தினார். மதாம் காத்திருந்தார். இன்னொரு வாய் குடித்தார். கஸ்பாரின் கட்டைவிரல் ஞாபகம் வந்தது, மடக்கென்று மிச்சத்தையும் விழுங்கிவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார், என்ன வருகிறதோ வரட்டும். மதாம் இழுப்பறையைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

இடது கீழ் மூலை இல்லை. இரண்டு விரல் அகலத்துக்குக் காணவில்லை.

“எங்கள் கட்டடத்தில் எலி அதிகம், முசியே,” என்றார் மதாம், நிதானமான பிரெஞ்சில். “நேற்றுச் சாயங்காலம் ஒரு மூலையைத் தின்றுவிட்டது. அமைச்சரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அப்படியே கொடுத்தேன். படித்தார். எழுத்து ஒன்றும் போகவில்லை என்றார்.”

கத்தரிக்கோலால் வெட்டினால்தான் எலிக்கு அவ்வளவு நேராகத் தின்ன வரும். திருவேங்கடம் அந்த வெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் மதாம் மற்றதையும் சொல்லி முடித்துவிட்டார், வியாழக்கிழமை காலையில் பதினொரு பேரும் விமானம் ஏறலாம், கப்பல் விஷயம் பிறகு, அறிவிப்பு வருகிறவரைக்கும் நீங்களும் நானும் எதுவும் பேசவில்லை, இந்தத் தாளும் இன்று மத்தியானத்துக்குமேல் இருக்காது. வியாழக்கிழமை என்ற சொல்லை அவர் காது வாங்கிக்கொண்டு, மனசுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க நேரமெடுத்தது. இந்த அம்மாள் அந்த மூலையை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் கேட்டிருக்கலாம், கூடுதலாக ஒரு வாக்குறுதி, கூடுதலாக ஒரு கப்பல் அரிசி, வேறொருவராக இருந்தால் கேட்டிருப்பார்கள், கேட்பதுதானே இந்தத் தொழில். ஏன் என்று கேட்க வாய் வந்தது, கேட்கத் தைரியமில்லை. மதாம் ஒரு சின்ன உறையை எடுத்து மேஜையில் தள்ளினார். உள்ளே பார்க்காமலே அது என்ன என்று அவருக்குத் தெரிந்தது.

“பத்தொன்பது வருஷம் இந்தக் கட்டடத்தின் தரைத்தளத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன்,” என்றார் மதாம். “எனக்கு வலது மேல் மூலை. ஒரு புள்ளி வைப்பேன். இன்னும் கை நிற்கவில்லை.”

அப்போதுதான் சிரித்தார். முன்பற்களுக்கு நடுவில் ஒரு இடைவெளி இருப்பது அன்றுதான் தெரிந்தது. இந்த மாதிரி நேரத்தில் சொல்வதற்கென்றே மூன்று வரி பிரெஞ்சு வாக்கியம் ஒன்று உண்டு, மிக உயர்ந்த மதிப்பையும் எங்கள் அரசாங்கத்தின் என்று போகும், அதை ஆயிரம் தடவை அடித்திருக்கிறார். “நீங்க நல்லா இருக்கணும்மா,” என்று தமிழில்தான் வந்தது. மதாம் மொழிபெயர்ப்புக் கேட்கவில்லை. தாளை எடுத்து மேஜையில் இரண்டு தட்டுத் தட்டி நேராக்கி, கவிழ்த்து வைத்தார்.

படியிறங்கியது, மரப்பெட்டியிலிருந்து போனை வாங்கியது, காரில் ஏறி உட்கார்ந்தது எதுவும் நினைவில்லை. டிரைவரை வண்டியை மரத்தடியில் நிறுத்தச் சொன்னார். உறையைப் பிரித்தார். இருந்தது, இரண்டு விரல் அகலத்தில், நீல மையில், கோடு இழுத்த ‘தி’. எவ்வளவு அழகாகப் போட்டிருக்கிறான் பாவி. ரகசியத் தாளைக் கிழித்தால் ஒட்டிவிடலாம், எரிக்கலாம் என்றால் டிரைவர் இருக்கிறார், தூதரகத்துக்குக் கொண்டுபோனால் அதற்கு ஒரு பதிவு, பதிவுக்கு ஒரு இனிஷியல். திருவேங்கடம் அதைச் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டார். மை கசந்தது, காகிதம் சுலபத்தில் மசியவில்லை, கண்ணில் நீர் வந்தது, அது கசப்பினால்தான் என்று வைத்துக்கொண்டார். கடைசித் துணுக்கு இறங்குவதற்குத் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. டில்லிக்கு எழுதி வைத்திருந்த பாதிக் கடிதத்தை அழித்தார். அதற்குக் கீழே ரீத்தம்மாளின் காலைச் செய்தி பதிலில்லாமல் கிடந்தது.

வியாழக்கிழமை என்று சொல்லக்கூடாது. வருகிறான் என்று சொல்லக்கூடாது. நல்ல செய்தி என்றுகூடச் சொல்லக்கூடாது, அறிவிப்பு வருகிறவரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை, வாக்குக் கொடுத்திருக்கிறார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல யாருடைய அனுமதியும் வேண்டாம் அல்லவா. பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, “சாப்ட்டேம்மா,” என்றார். குரல் உடைந்ததால் இன்னொரு தடவை சொன்னார், “இப்பத்தான் சாப்ட்டேன்.”

டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு நிமிஷம் போயிற்று. போன் ஒருமுறை அதிர்ந்தது. முதலில் கடல் இரைச்சல்தான் கேட்டது, அல்லது மூச்சு. “சார்,” என்றாள் ரீத்தம்மாள், “நீங்க ஒருநாளும் சாப்ட்டேன்னு சொன்னதில்லயே சார்.” போனைக் கீழே வைக்கும் சத்தம், பதிவை நிறுத்த மறந்திருக்கிறாள், பிறகு தூரத்தில், மகளைக் கூப்பிடும் குரல்.

“ஏளா செல்சி, அப்பா சட்டையெல்லாம் எடுத்துக் கொடியில போடு, வெயிலு போறதுக்குள்ள.”